நடுக்கூடத்துப் பாடகியைக் காணோம்

“ஒரு பெண்மணியைக் காணவில்லை” என்று அருணகிரி கிசுகிசுத்தார்.

மோசஸ் சட்டென்று நோட்டைத் திறந்தான். சியாமளாவின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளனாகச் சேர்ந்த மூன்று வருஷத்தில் காணாமல் போன நாய், காணாமல் போன பத்திரம், தாலி கட்டுவதற்கு முந்தின நாள் காணாமல் போன மாப்பிள்ளை என்று எல்லாம் பார்த்தாயிற்று. பெண்மணி இதுதான் முதல்.

“பேரு இன்னா சார்?”

“தெரியாது.”

“வயசு?”

“முப்பது இருக்கலாம். குரலை வைத்துச் சொல்கிறேன்.”

“போட்டோ எதுனா கீதா?”

“நான் அவளைப் பார்த்ததே இல்லை, தம்பி.”

மோசஸ் பேனாவை மூடினான். சமையலறையில் மனைவி காபி கலக்கிக்கொண்டிருக்கும்போது, அறுபத்திரண்டு வயசுப் பெரியவர் ஒருவர், கண்ணாலேயே பார்க்காத பெண்ணை ரகசியமாகத் தேடுகிறார். இதற்குத் துப்பறிகிறவர் எதற்கு, வக்கீலைப் பார்க்க வேண்டியதுதானே என்று தோன்றியது அவனுக்கு.

“கடைசியா எங்க நின்னுகினு இருந்தாங்க?”

“அதோ.” கூடத்தின் நடுவே, டிவிக்கு முன்னால் இருந்த வெறும் மொசைக் தரையைக் காட்டினார் அருணகிரி. “எட்டு மாதமாகத் தினமும் அங்கேதான் நின்று பாடினாள். பத்து நாளாகக் காணோம்.”

அந்த இடத்தில் ஒரு ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. கூட வந்திருந்த சியாமளா அதைப் பார்க்கவில்லை. டிவியின் இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நின்ற இரண்டு கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தாள்.

“அந்த ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுலயா சார்?”

“ஒலிப்பெட்டி” என்று திருத்தினார் அருணகிரி. அவர் முகம் மலர்ந்தது. “உங்களுக்குப் புரிகிறது, அம்மா. மற்றவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.”

விஷயம் இதுதான். அருணகிரி அணு ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே, கடல் காற்று வருகிற நெய்தல் நகரில் வீடு கட்டி, கூடத்தில் ஹோம் தியேட்டர் வைத்தார். ஐந்து ஸ்பீக்கரும், அதிர்கிற சத்தத்துக்கு ஒரு வூஃபரும் இருந்தாலும், பாட்டு என்று வந்தால் முன்னால் இருக்கும் இரண்டுதான் பாடும். அந்த இரண்டையும் சரியான தூரத்தில் நிறுத்தி, சரியாகத் திருப்பி வைத்துவிட்டால், கேட்கிறவருக்குக் குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது, அந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவில் ஒருத்தி நின்று நமக்காகவே பாடுகிற மாதிரி இருக்கும். அப்படி நின்றவளைத்தான் இப்போது காணோம்.

“அவள் மூச்சு வாங்குவது கூடக் கேட்கும்” என்றார் அருணகிரி. “இப்போது வலப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு முனகுகிறாள். அந்தக் கோவளத்துப் பையன் என் பெட்டிகளை மாற்றிவிட்டான். அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான்!”

மோசஸ் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. இந்த ஹோம் தியேட்டரைப் போட்டுக்கொடுத்த அந்தக் கோவளத்துப் பையன் உசாமா. கோவளத்தில் மோசஸ் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். இன்று காலை செங்கல்பட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ஆபீசுக்கு, உசாமா திருடிவிட்டான், என்னவென்று நேரில் சொல்கிறேன் என்று அருணகிரியின் போன் வந்ததும் மோசஸ் இதைச் சியாமளாவிடம் சொல்லிவிட்டான்.

“அவர் வீட்டு கேட்டு வரைக்கும் நீ அவனுக்கு பிரெண்டு” என்றாள் அவள். “கேட்டுக்கு உள்ள நீ எனக்கு அசிஸ்டென்ட்டு. முடியுமா?”

“முடியும் மேடம். ஆனா கேட்டாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்.”

சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த நேரமெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு நெய்தல் நகர் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அருணகிரிதான் செயலாளர். இந்த நகரில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் உசாமாவிடம் ஹோம் தியேட்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவன் கோவளம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை பிடித்திருக்கிறான். கூட்டத்தில் அருணகிரி தன் கடிதத்தைப் படித்தால் கடை திறப்பதற்கு முன்னாலேயே பூட்ட வேண்டியதுதான். கூட்டம் முடிந்து நேரே போலீஸ் ஸ்டேஷன் என்று வேறு சொல்லியிருந்தார். மணி இப்போது நாலரை.

“அந்த லெட்டரைப் பார்க்கலாமா?” என்றாள் சியாமளா.

இரண்டு பக்கக் கடிதம். ஒரு ஆங்கில எழுத்து இல்லை. மோசஸ் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். ‘பெட்டிகள் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் வெள்ளைப் பட்டை ஒட்டிக் குறித்தான். ஆங்கில எழுத்து வேண்டாம், இடம், வலம் என்று தமிழில் எழுதப் பணித்தேன். இந்தத் தற்குறி வலம் என்பதை வளம் என்று எழுதினான். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றிய என் துணைவியார் சகுந்தலா அதைக் கண்டு நகைத்தார். ஒரு எழுத்தில் ஏமாற்றுபவன் ஒலிப்பெட்டியிலும் ஏமாற்றுவான்.’

“ல, ளன்னா ஊர்ல பாதிப் பேர் உள்ள போகணுமே சார்” என்றான் மோசஸ். “நான் ஆயுள் கைதி.”

அருணகிரி முறைத்தார். சகுந்தலா காபித் தட்டோடு வந்தாள். உடனே அவர் கடிதத்தைத் தினசரிக்கு அடியில் தள்ளிவிட்டு, “இவர்கள் ஒலிப்பெட்டி பழுது பார்க்க வந்தவர்கள்” என்றார். சகுந்தலா இருவரையும் பார்த்துச் சிரித்து, டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

“வீட்டில் சொல்லவில்லை” என்றார் அவர் மெதுவாக. “அவளுக்கு அந்தப் பையன் மேல் தனிப் பிரியம். வருத்தப்படுவாள்.”

சாய்வு நாற்காலியில் மோசஸை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு பாட்டை ஓடவிட்டார். உண்மைதான். குரல் வலப் பக்கத்துப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. நடுவில் யாரும் இல்லை.

“பெட்டி யாராச்சும் இடிச்சு நகர்ந்திருக்கலாமே?” என்றாள் சியாமளா.

“நான் விஞ்ஞானி, அம்மா. அளக்காமல் பேச மாட்டேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் ஏழு அடி. இந்தப் பெட்டிக்கும் என் நாற்காலிக்கும் ஏழு. அந்தப் பெட்டிக்கும் ஏழு. அன்று எப்படியோ இன்றும் அப்படியே. இடம் மாறவில்லை, ஒலி மாறியிருக்கிறது. அப்படியானால் பெட்டிதானே மாறியிருக்க வேண்டும்?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“இன்னொன்று. பதினொரு நாளுக்கு முன் நான் செங்கல்பட்டுக்குக் கண் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். அன்று அவன் இங்கே வந்திருக்கிறான். திரும்பிப் போகும்போது ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக் காவலாளி பார்த்திருக்கிறான். எதற்கு வந்தாய், என்ன கொண்டுபோனாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.”

சியாமளா மோசஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் வாசலுக்கு வந்து செல்போனை எடுத்தான்.

“மச்சான், அந்தப் பெட்டியில இன்னாடா இருந்துச்சு?”

மறுபக்கம் மீன் வண்டியின் ஹாரன் மட்டும் கேட்டது.

“சொல்ல முடியாதுடா மோசஸ்.”

“சொல்ல முடியாதா? உன் கடை பூட்டிகினு போவப் போவுது. உங்கம்மா சைதூன் காலையில எங்க வூட்டுக்கு வந்து அழுதுட்டுப் போயிருக்காங்க. இன்னாடா பேஜாரு பண்றே?”

“பெரியவங்க ஒருத்தருக்கு வாக்கு கொடுத்துட்டேன். அல்லா பார்த்துக்குவான். நான் திருடல, அவ்வளவுதான்.”

போன் வைக்கப்பட்டது. மோசஸுக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. உசாமா பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவனை ஆறு மணிக் கூட்டத்தில் யார் நம்புவார்கள்?

அவன் திரும்பி வந்தபோது சியாமளா வலப் பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால், முழங்காலிட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்திருந்தாள்.

“மேடம், தொழுகையா? அவன் மட்டும்தான் முஸ்லிம்னு நினைச்சேன்.”

“கிண்டல் அப்புறம். இதைப் படி.”

மோசஸ் குனிந்தான். வெள்ளைப் பட்டையில் நீல மையால் மூன்று எழுத்து. “வலம்.”

“என்ன ல?”

“சின்ன ல... குண்டு இல்லாத ல. பள்ளத்துக்கு வர்ற ள இல்ல, பல்லுக்கு வர்ற ல.”

“லெட்டர்ல என்ன இருக்கு?”

மோசஸ் நிமிர்ந்தான். கடிதத்தில் உசாமா ‘வளம்’ என்று எழுதியதாக இருக்கிறது. தரையில் ‘வலம்’ என்று சரியாக இருக்கிறது.

“சார்” என்றாள் சியாமளா, “இந்தப் பட்டையை நீங்க எப்போ கடைசியா பார்த்தீங்க?”

“எனக்கு மூட்டு வலி. குனிய முடியாது. நின்றபடிதான் அளந்தேன்” என்றார் அருணகிரி. “தரையெல்லாம் சகுந்தலா பொறுப்பு.”

“பழைய பட்டையைப் பிச்சு எடுத்துட்டுப் புதுசா ஒட்டியிருக்காங்க. ஒட்டினது உசாமா இல்ல. அவன் ஒட்டியிருந்தா தப்பு அப்படியே இருந்திருக்கும்.”

மோசஸ் தன் வாழ்க்கையில் எழுத்துப் பிழை ஒருவனைக் காப்பாற்றுவதை இன்றுதான் பார்க்கிறான். தமிழ் வாத்தியாரிடம் தான் வாங்கிய அடியெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டான்.

“மேடம், இங்க பாருங்க. பொட்டிக்கு அடியில, பின்பக்கம் தீப்பெட்டி முட்டுக் கொடுத்திருக்கு. அந்தப் பொட்டிக்கும் கீது.”

“சார் சிகரெட் பிடிப்பீங்களா?”

“சே!”

“அப்போ தீப்பெட்டி எந்த ரூம்ல இருக்கும்?”

அருணகிரி பதில் சொல்வதற்குள் சியாமளா எழுந்து சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். “அம்மா, பூ கட்டுற நூல் இருந்தா கொஞ்சம் தர்றீங்களா?”

சகுந்தலா நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவோரம் நின்றாள்.

“சாரோட கணக்குல ஒரு தப்பும் இல்ல” என்றாள் சியாமளா. “ஆனா தூரத்தை மட்டும்தான் அளந்திருக்கார். பெட்டிக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கே. நிக்கிற இடத்துலயே நின்னுக்கிட்டு ஒருத்தர் வேற ஒருத்தரைப் பார்க்கலாம் இல்லியா? மோசஸ், நூலைப் பிடி. ஸ்பீக்கர் எங்க பார்க்குதோ அங்க நேரா இழு.”

வலப் பக்கப் பெட்டியின் நெற்றியில் நூலை ஒட்டி, பெட்டி பார்க்கிற திசையிலேயே மோசஸ் இழுத்துக்கொண்டு போனான். நூல் சாய்வு நாற்காலியைத் தொடவில்லை. நாற்காலிக்கு முன்னாலேயே குறுக்கே புகுந்து, கூடத்தின் இடப் பக்கம் போய், சமையலறைக் கதவை ஒட்டிய சுவரில் முட்டியது. சியாமளா இடப் பக்கப் பெட்டியிலிருந்து இழுத்த நூலும் நேராக அங்கேயே வந்தது. பெட்டிகள் தீப்பெட்டி உயரத்துக்கு முன்பக்கம் சாய்ந்திருந்ததால் நூலும் சாய்ந்து, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இரண்டும் சந்தித்தன. அதற்கு நேர் கீழே ஒரு மணை கிடந்தது. பக்கத்தில் முறத்தில் அவரைக்காய் நார். நூல் முட்டிய இடத்தில், வெள்ளைச் சுவரில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

“யாரோ தெனமும் தலை சாய்ச்சுகினு உக்கார்ற எடம்” என்றான் மோசஸ்.

“உட்கார்ந்து பாரு.”

மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சியாமளா அதே பாட்டை ஓடவிட்டாள்.

அவன் வாய் தானாகத் திறந்தது. சுவரும் பெட்டியும் எங்கோ போய்விட்டன. கூடத்தின் நடுவே, கையை நீட்டினால் புடவைத் தலைப்பைத் தொட்டுவிடலாம் போல, ஒருத்தி நின்று பாடினாள். பல்லவி முடிந்து அவள் மூச்சு வாங்கியது அவனுக்குக் கேட்டது.

“மேடம்!” என்று கத்தினான். “வந்துட்டாங்க! அந்தம்மா எங்கியும் போவல. எடம் மாறி நின்னுகினு கீறாங்க!”

அருணகிரியின் முகம் கடுத்தது. “அப்படியானால் யாரோ வீட்டுக்குள் வந்து... யார் அது?”

சியாமளா தினசரிக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்தாள். “யாருன்னு சொல்ல எனக்கு விருப்பம் இல்ல சார். பட்டை கழண்டு போச்சு, பெட்டி திரும்பிடுச்சுன்னு முடிச்சுக்கலாம். ஆனா ஆறு மணிக்கு நீங்க படிக்கப் போற இந்த லெட்டர்ல ஒரு பேர் இருக்கே.” நிதானமாகப் படித்தாள். “‘கோவளம் உசாமா என்பவன் திருடன் என்று இச்சபைக்கு அறிவிக்கிறேன்.’”

கதவோரத்தில் வளையல் சத்தம் கேட்டது.

“உசாமாவையா?” என்றாள் சகுந்தலா. “அந்தப் புள்ளையத் திருடன்னா எழுதியிருக்கீங்க? எழுதினது நான்தாங்க. அந்த ‘வலம்’ நான் எழுதினது. பெட்டியத் திருப்பச் சொன்னதும் நான்தான்.”

அருணகிரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயா? ஏன்?”

“ஏன்னா?” சகுந்தலா முன்னால் வந்தாள். முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல் அது. “எட்டு மாசமா வர்றவங்களை எல்லாம் அந்த நாற்காலியில உட்கார வெச்சுக் கேட்கச் சொன்னீங்க. கேஸ் சிலிண்டர் போட வந்தவனைக் கூட உட்கார வெச்சீங்க. ‘நடுவுல நிக்கிறா பாரு, நடுவுல நிக்கிறா பாரு’ன்னு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘நீயும் வந்து உட்காரு சகுந்தலா’ன்னு சொன்னீங்களா?”

“நீ கேட்டிருக்கலாமே...”

“கேட்கத் தோணல. கோபம்தான் வந்துச்சு. நீங்க கண் டாக்டரைப் பார்க்கப் போன அன்னைக்கு உசாமாவை வரச்சொன்னேன். நான் காய் நறுக்கிற இடத்துல இருந்து கேட்கணும்பான்னேன். பெட்டியத் திருப்பி, அடியில தீப்பெட்டி வெச்சுச் சாய்ச்சு, ரெண்டு பெட்டிச் சத்தமும் எங்கிட்ட ஒண்ணா வந்து சேரணும்னு ரிமோட்டுல தூரத்தையும் ஏதோ மாத்திக் கொடுத்தான். பட்டை நைஞ்சு போயிருந்துது, நானே புதுசா ஒட்டினேன். தப்பா எழுத எனக்குக் கை வரல. தினமும் நீங்க மத்தியானம் தூங்கும்போது கேட்டுட்டு, நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள பழையபடி திருப்பி வெச்சிடணும்னுதான் நினைச்சேன். அப்புறம், ஏன் திருப்பணும்னு விட்டுட்டேன். சார்கிட்ட சொல்லாதடான்னு அவன்கிட்ட வாக்கு வாங்கினேன். போலீசு வரைக்கும் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த அட்டைப் பெட்டி?” அருணகிரியின் குரல் இறங்கிவிட்டது.

“ஒண்ணாங் கிளாஸ் எழுத்துப் பயிற்சி நோட்டு, பதினெட்டு. பரண்ல கிடந்தது. ல, ள, ழ எழுதிப் பழகுடான்னு கொடுத்தேன். கடை போர்டுல தப்பு வரக்கூடாது இல்ல?”

மோசஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருபத்தாறு வயசு உசாமா, மீன் வண்டி ஹாரனுக்கு நடுவே உட்கார்ந்து ‘வலம், வலம், வலம்’ என்று எழுதிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தான். அதே நேரம் கண்ணும் கரித்தது. அந்தப் பைத்தியக்காரன் ஒரு டீச்சருக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் கடையையே விட்டுக்கொடுக்க இருந்தான்.

அருணகிரி கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மோசஸிடம் திரும்பினார்.

“தம்பி, உங்கள் செல்போனைக் கொடுங்கள். அவனை ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்ல வேண்டும். திருடன் என்று எழுதிய கையால் எல்லோர் முன்னாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.”

“வருவான் சார். ஹோம்வொர்க் முடிச்சிருந்தா.”

போன் பேசி முடித்ததும் அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேஜையிலிருந்த நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு, வலப் பக்கப் பெட்டியைப் பிடித்தபடி, முட்டி இரண்டும் சடசடக்க, தரையில் மண்டியிட்டார். மோசஸ் தாங்கப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பட்டையிலிருந்த ‘ல’வை அடித்து, மேலே பெரிதாக ‘ள’ எழுதினார். வளம்.

“அது தப்புங்க” என்றாள் சகுந்தலா.

“தெரியும். அந்தப் பையன் எழுதினபடியே இருக்கட்டும்.”

எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். அது கூடத்தின் நடுவில், யாரும் பாடாத இடத்தில், அசட்டுத்தனமாக நின்றது. பெட்டிகளை அவர் தொடவில்லை.

“நான் எங்கே உட்கார்ந்து கேட்பது?” என்றார்.

சகுந்தலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னும் முழுசாகக் கோபம் தீரவில்லை. ஆனாலும் போய், முறத்தை ஓரமாகத் தள்ளி, மணையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

“இங்க இடம் இருக்கு, வாங்க.”